கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளியில் களப்பணி: கடிதம் முதலில், பள்ளி பிறகு

கோலாலம்பூர் வந்த மூன்றாம் நாளே செந்தூல் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போய் நின்றேன். தலைமையாசிரியை வாசல்வரை வந்து கூட்டிப்போனார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக் கறிபாப்பும் மைலோவும் வரவழைத்தார். என் ஆய்வைப் பற்றிச் சொன்னதும், "எங்க பிள்ளைங்களுக்கு இது ரொம்பத் தேவைம்மா" என்றார். வேலை முடிந்தது என்று நினைத்துக் கேள்வித்தாள் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "அமைச்சு லெட்டர் இருக்கா?" என்றார்.

இல்லை. அன்றிலிருந்து ஒரு வகுப்பறைக்குள் உட்கார எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல், வரிசை தெரியாமல் அலைந்து போன காலம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உளவியல் முதுகலை, முனைவர் பட்டம் படிக்கும் ஒருவர் இங்கே பள்ளிகளில் களப்பணி செய்ய நினைத்தால் அந்த மாதங்கள் அவருக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம்மவர்கள் சிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: "தமிழ்ப்பள்ளிதானே, பேசிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. ஆசிரியர் தமிழ் பேசுவார், சுவரில் திருக்குறள் இருக்கும், பிள்ளைகள் கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். ஆனால் அது மலேசியக் கல்வி அமைச்சின் கீழ் உள்ள தேசிய வகைப் பள்ளி. தலைமையாசிரியர் எவ்வளவு விரும்பினாலும், மேலிருந்து கடிதம் வராமல் ஒரு மாணவரைக்கூட உங்கள் முன் உட்கார வைக்க முடியாது.

1. உங்கள் பாதை எது என்று முதலில் தீர்மானியுங்கள்

இரண்டு பாதைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதக்கணக்கில் போய்விடும்.

மலேசியப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்து படிப்பவர் என்றால், பல்கலைக்கழகத்தின் உறுதிக் கடிதத்தோடு கல்வி அமைச்சின் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவுக்கு நேரே விண்ணப்பிக்கலாம். இந்தப் பிரிவை இங்கே எல்லோரும் ஈ.பி.ஆர்.டி. என்றே சொல்கிறார்கள். விண்ணப்பம் ஈராஸ் என்ற இணைய அமைப்பு வழியாகப் போகும்.

உங்கள் பதிவு மதுரையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறது, களப்பணி மட்டும் இங்கே என்றால் நீங்கள் 'வெளிநாட்டு ஆய்வாளர்'. முதலில் பொருளாதார அமைச்சின் ஆய்வு அனுமதி வேண்டும். முன்பு இதைப் பார்த்துக்கொண்டது பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு. பழைய ஆய்வேடுகளிலும் மூத்த மாணவர்களின் பேச்சிலும் 'ஈ.பி.யூ. அனுமதி' என்று வருவது இதைத்தான். அந்த அனுமதி கிடைத்தாலும் பள்ளிக்கு என்று கல்வி அமைச்சின் சம்மதம் தனியாக வேண்டும்.

நான் இரண்டாவது வகை. ஊரில் ஓர் ஆலோசனை நிறுவனம், "மாணவர்தானே, நேரா ஈராஸ்ல போடுங்க" என்றது. போட்டேன். ஏழு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. இதில் பணம் வாங்கிக்கொண்டு வழிசொல்பவர்கள் யாரும் தேவையில்லை. உங்களை ஏற்கப்போகும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "என் நிலை இது, எந்தப் பாதை?" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. இங்கே ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள்

இரண்டாவது பாதைக்கு உள்ளூர் ஆதரவாளர் இல்லாமல் எதுவும் நகராது. மலாயாப் பல்கலைக்கழகக் கல்வியியல் புலத்தில் கல்வி உளவியல், ஆலோசனைத் துறை இருக்கிறது. பாங்கியில் இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் (யூ.கே.எம்.) உளவியல் உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் (யூ.பி.எஸ்.ஐ.) ஆசிரியர் பயிற்சிக்கே பேர் போனது. பினாங்கு என்றால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.). தமிழ்ப்பள்ளி தொடர்பாகப் பேச, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பள்ளிகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அவரிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் இணையுங்கள். நாற்பது பக்க முன்மொழிவை அனுப்பியபோது எனக்குப் பதிலே வரவில்லை. இரண்டு பக்கமாக்கி அனுப்பிய வாரத்தில் ஒருவர் பதில் போட்டார். சம்மதித்தவரிடம் பல்கலைக்கழக முத்திரைத்தாளில் ஏற்புக் கடிதம் வாங்குங்கள். மின்னஞ்சலில் "ஓகே" என்று எழுதியது செல்லாது.

3. கேள்வித்தாளின் தமிழை விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விண்ணப்பத்தோடு கேள்வித்தாளையும் நேர்காணல் கேள்விகளையும் இணைக்க வேண்டும். அனுமதி அந்தத் தாளுக்குத்தான். பிறகு வார்த்தைகளை மாற்றினால் மறுபடியும் தெரிவிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அதனால் மொழி வேலை முதலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதல் பயணத்தில் நான் தங்கிய வீட்டுக்காரம்மாவின் மகள் ஐந்தாம் ஆண்டு, அதாவது நம் ஊர் ஐந்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கேள்வித்தாளை அவளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பதில் வேண்டாம், புரிகிறதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். 'வாழ்க்கையில் சோதனைகள் வரும்போது நான் யாரிடமாவது பேசுவேன்' என்ற வரியில் நின்றாள். பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே, "அக்கா, இது மாதச் சோதனையா, வருஷக் கடைசிச் சோதனையா?" என்றாள்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் பரீட்சை. நான் கேட்டது துன்ப காலத்தை. அந்தத் தாளை அப்படியே நூறு பேரிடம் கொடுத்திருந்தால், பரீட்சை நேரத்தில் யாரிடம் பேசுவார்கள் என்பதை அளந்துவிட்டு, மனத்துயரை அளந்ததாக ஆய்வேட்டில் எழுதியிருப்பேன். அடுத்த வரி 'நான் அடிக்கடி சோர்வாக உணர்கிறேன்'. அதற்கு அவள், "ஆமா, காலையில அஞ்சரைக்கே எழும்பணும்" என்றாள். மனச்சோர்வு என்ற பொருளே அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சரிபார்த்த தமிழ் இங்கே போதாது. மலேசியத் தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்க வைத்துத் திருத்துங்கள். திருத்தியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு பெற்றோர் சம்மதத்தோடு நாலைந்து பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்துக் கேளுங்கள். எனக்கு இதற்கு மூன்று வாரமும் 400 வெள்ளியும் ஆனது. இங்கே தமிழர் பேச்சில் ரிங்கிட் என்பது வெள்ளிதான். கணக்குக்கு ஒரு வெள்ளி 20 இந்திய ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் செலவிலேயே மிக உருப்படியான செலவு அது.

அளவுகோல் வேறொருவருடையது என்றால், அதைப் பயன்படுத்தவும் மொழிமாற்றவும் உரிமையாளரின் எழுத்து அனுமதியும் இந்தக் கட்டத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

4. ஒரே கோப்பில் எல்லாத் தாளும்

உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். இங்குள்ள பல்கலைக்கழகம் தன் குழுவின் ஒப்புதலையும் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

அப்புறம்: ஆய்வு முன்மொழிவு, கேள்வித்தாளின் எல்லா மொழி வடிவங்களும், பெற்றோர் ஒப்புதல் படிவம், பிள்ளைகளுக்கான எளிய சம்மதப் படிவம், உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் உறுதிக் கடிதம், வழிகாட்டியின் கடிதம், உள்ளூர் ஏற்புக் கடிதம், தன்விவரம், பாஸ்போர்ட் நகல், படங்கள், போக விரும்பும் பள்ளிகளின் பட்டியல். கடவுச்சீட்டில் ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல் காலம் இருக்கட்டும். குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

பெயர் எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரியும். என் வழிகாட்டியின் கடிதத்தில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர். அது ஒன்றுக்காகக் கடிதம் மதுரை போய்த் திரும்ப பத்து நாள்.

ஆய்வின் தலைப்பும் அப்படித்தான். ஒரு தாளில் 'ஆரம்பப்பள்ளி மாணவர்', இன்னொன்றில் 'சிறார்' என்று மாறக் கூடாது. எந்தத் தலைப்பில் அனுமதி வந்ததோ அதுதான் கடைசிவரை.

அமைச்சுகளில் விண்ணப்பத்துக்கு என்று என்னிடம் பெரிய தொகை எதுவும் கேட்கவில்லை. செலவு முழுவதும் மொழிபெயர்ப்பிலும் அச்சிலும் போக்குவரத்திலும்தான். காலம்தான் நீளும். எனக்கு ஆய்வு அனுமதிக்குப் பதினோரு வாரமும் கல்வி அமைச்சின் கடிதத்துக்கு இன்னும் ஐந்து வாரமும் ஆயின. இடையில் நோன்புப் பெருநாள் வந்தால் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. மாதக் கணக்கைப் பள்ளி நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

2026இலிருந்து பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முந்திய சில ஆண்டுகள் மார்ச், பிப்ரவரி என்று மாறி மாறி இருந்தன. அந்தப் பழைய அட்டவணைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அமைச்சு வெளியிட்ட நடப்பு ஆண்டு அட்டவணையை மட்டும் பாருங்கள்.

ஆறாம் ஆண்டில் எழுதும் ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவரை அதனாலேயே தொடக் கூடாது என்று பழைய கட்டுரைகளில் எழுதியிருப்பது இப்போது பொருந்தாது. ஆனால் ஆண்டிறுதியில் நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை மதிப்பீட்டுத் தேர்வு உண்டு. இடைநிலைப்பள்ளி என்றால், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் ஐந்தாம் படிவ வகுப்பை விட்டுவிடுங்கள்.

ஜனவரியில் பிள்ளைகள் புது வகுப்பில் பழகிக்கொண்டிருப்பார்கள். பொங்கல் விழா, தைப்பூச விடுமுறை, சீனப் பெருநாள் என்று வரிசையாக வரும். விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பாதிப் பிள்ளைகள் திடலில்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் வருகை குறையும். எனக்குக் கிடைத்த நல்ல காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை.

6. மாநிலத்துக்கு ஒரு கடிதம், பள்ளிக்கு ஒரு கடிதம்

அமைச்சின் கடிதம் வந்ததும் மாநிலக் கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டும். கோலாலம்பூருக்குக் கூட்டரசு பிரதேசக் கல்வி இலாகா, பக்கத்தில் பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்றால் சிலாங்கூர் இலாகா. எல்.ஆர்.டி. நகர ரயிலில் நாலு நிறுத்தம் தாண்டினாலே மாநிலம் மாறிவிடும். பள்ளிப் பட்டியல் போடும்போதே எந்தப் பள்ளி எந்த மாநிலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு விதம். பினாங்குத் தீவும் எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் பக்கமும் ஒரே மாநிலம், ஒரே இலாகா. ஆனால் பிள்ளைகள் போதவில்லை என்று சுங்கைப்பட்டாணி போனால் அது கெடா மாநிலம். அங்கே வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி நடக்கும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் ஊர்போலச் சனி, ஞாயிறு.

இலாகாவுக்கும் பள்ளிக்கும் நீங்கள் எழுதும் கடிதம் மலாயில் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குத் தமிழில் எழுதினால் மகிழ்வார்கள், ஆனால் கோப்பில் சேர்ப்பது மலாய்க் கடிதத்தைத்தான். ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியருக்கு 'குரு பெசார்' என்று எழுதுங்கள். 'பெங்கெத்துவா' என்பது இடைநிலைப்பள்ளி முதல்வர். கூகுள் மொழிபெயர்ப்பு இரண்டையும் கலக்கிவிடும். ஒரு மலாய் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் பள்ளி அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பள்ளிப் பட்டியலில் தேவைக்கு மேல் இரண்டு பள்ளிகளைச் சேர்த்து வையுங்கள். 150க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை நிறைய. ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு முழுவதற்கும் ஒன்பதே பிள்ளைகள் இருந்தார்கள். அறுபது பேரை அங்கிருந்து எதிர்பார்த்திருந்த எனக்குப் பட்டியலில் வேறு பள்ளி இல்லை.

7. எந்தப் பாஸில் (குடிநுழைவு அனுமதியில்) வருகிறீர்கள்?

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரலாம். இது சுற்றிப் பார்க்க, ஆட்களைச் சந்திக்க. இதில் வந்து பள்ளியில் தகவல் சேகரிக்கக் கூடாது. நான் முதல் முறை வந்தது இப்படித்தான். முன்னோட்டத்தையாவது முடித்துவிடலாம் என்று நினைத்தது தவறு. பேராசிரியரைச் சந்திக்க, மொழியைச் சரிபார்க்க, வீடு பார்க்க என்றால் அந்த 30 நாள் மிக நல்லது.

இங்கேயே படிப்பவர்களுக்கு மாணவர் பாஸ். வெளிநாட்டு மாணவர் பாஸைக் கவனிக்கும் ஈ.எம்.ஜி.எஸ். நிறுவனம் வழியாகப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும். அனுமதிக் கடிதம் வந்த பிறகே விமான டிக்கெட் போடுங்கள். வந்து ஏழு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். களப்பணிக்கு மட்டும் வருபவர்களுக்கு எந்தப் பாஸ் என்பதை உங்களை ஏற்கும் பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவு சொல்லும். விண்ணப்பமும் அவர்கள் வழியாகத்தான்.

எப்படி வந்தாலும், வருவதற்கு மூன்று நாளுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் குடிநுழைவுத் துறையுடையது அல்ல.

பள்ளியில் பழகியதும் பெற்றோர் யாராவது, "டியூஷன் எடுக்கிறீங்களா டீச்சர்?" என்று அன்பாகக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பாஸ் அதற்கு இடம் தராது. சிக்கினால் ஆய்வே போய்விடும்.

8. பணம்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஓர் அறைக்கு மாதம் 700 வெள்ளி கொடுத்தேன். குடிபோகும்போது இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாத வாடகை. ஆக முதல் நாளே 2,450 வெள்ளி கையில் இருக்க வேண்டும். இதை நம் ஊர்ப் பணத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாதம் 50 வெள்ளிக்கு ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகும் பாஸ் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நமக்கு, முன்பே பணம் போட்டு வைத்துக் கழிக்கும் டச் அண்ட் கோ அட்டைதான். காலை ஏழரைக்குப் பள்ளி தொடங்கிவிடும். ரயில் நிலையத்திலிருந்து பள்ளி தூரம் என்றால் கைப்பேசியில் கிராப் வாடகைக் கார் பிடிக்க வேண்டும், காலை நெரிசலில் விலை ஏறும். பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு வீடு பாருங்கள். நான் முதலில் வீட்டைப் பிடித்துவிட்டு, போக்குவரத்துக்கே மாதம் 300 வெள்ளிக்கு மேல் செலவழித்தேன்.

9. பெற்றோர் படிவம் திரும்பி வர வேண்டும்

18 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நான் படிவத்தைச் சுத்தமான தமிழில் அச்சடித்து, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை.

ஒரு மதியம் பள்ளி வாசலில் ஒரு தாய், மடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தயங்கித்தான் சொன்னார்: "டீச்சர், எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் மலாய்ப் பள்ளியில படிச்சேன். மலாய்ல இருந்தா கொடுங்க." தனக்குக் கிடைக்காத எழுத்து பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்றுதான் மகனைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு வாசிக்க முடியாத ஒரு தாளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அன்றே மாற்றினேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய், கேட்பவர்களுக்கு ஆங்கிலம். வகுப்பாசிரியர் அதையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார். அடுத்த வாரம் பெரும்பாலானவை வந்துவிட்டன. 'விருப்பமில்லை' என்ற கட்டத்தையும் பெரிதாகப் போடுங்கள். மறுத்த பெற்றோரின் பிள்ளை அந்த நேரத்தில் தனியாக உட்காராமல் இருக்க என்ன செய்வது என்பதை ஆசிரியரோடு முன்பே பேசி வையுங்கள்.

10. பள்ளிக்குள்

வாசலில் காவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், நகலும் பல்கலைக்கழக அட்டையும் காட்டுங்கள். அமைச்சின் கடித நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். உங்களுக்கு அன்றாடம் உதவப்போகிறவர் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர். அவரை 'எச்.இ.எம். டீச்சர்' என்பார்கள். முதலில் அவரைப் பாருங்கள்.

ஒரு பாடவேளை அரை மணி நேரம். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, பென்சில் தேடி முடிக்கவே ஏழெட்டு நிமிடம் போய்விடும். ஆக உங்கள் கேள்வித்தாள் இருபது நிமிடத்தில் முடிவதாக இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தைக் கேட்காதீர்கள், அது அவர்கள் பசியாறும் நேரம். பள்ளி விட்ட பிறகு என்றும் திட்டம் போடாதீர்கள். மணி அடித்ததும் பள்ளி வேன்கள் வாசலில் நிற்கும், ஒரு பிள்ளைக்காக வேன் காத்திருக்காது.

தனியாகப் பேச அறை கேட்டால் நூலகம் கிடைக்கும். கதவு திறந்திருக்கட்டும். வெளியிலிருந்து உங்களைப் பார்க்க முடிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. அப்படி ஒரு மூலையைத் தேடி உட்காருங்கள். படம் எடுக்க வேண்டாம், உங்கள் நினைவுக்காகக்கூட.

11. நீங்கள் கவுன்சலர் அல்ல

இதை நிதானமாக வாசியுங்கள். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு பணிசெய்யக் கூடாது. நம் ஊர்ப் பட்டம் எதுவானாலும் சரி. ஆசிரியர்கள் ஆசையோடு, "இந்தப் பையன்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்பார்கள். "நான் ஆய்வு மாணவிதான், கவுன்சலிங் டீச்சரிடம் சேர்ந்து சொல்லலாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறிய பள்ளியில் முழுநேரக் கவுன்சலிங் ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை வேலை தொடங்குமுன் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் எதையாவது சொல்லிவிடும். அது எப்போது நடக்கும் என்று தெரியாது, நடக்கும். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, அப்படிப்பட்ட குற்றம் பற்றித் தெரிந்தும் போலீசுக்குத் தகவல் தராமல் இருப்பதே குற்றம். ஆய்வாளர் ரகசியம் காப்பார் என்ற நம் பாடம் அங்கே நின்றுவிடுகிறது. அதனால் பேசத் தொடங்குமுன் பிள்ளையிடம் அதன் மொழியிலேயே சொல்லுங்கள். நான் சொன்னது இது: "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, உனக்கு உதவி செய்யக்கூடிய பெரியவங்ககிட்ட சொல்லுவேன். சரியா?" படிவத்திலும் அதே வரி இருக்க வேண்டும்.

பிள்ளை சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள், தேதியும் நேரமும் போடுங்கள். அன்றே தலைமையாசிரியரிடமும் உங்கள் உள்ளூர் மேற்பார்வையாளரிடமும் போங்கள். அரசின் 'தாலியான் காசே' உதவி எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். மேற்பார்வையாளரின் கைப்பேசி எண்ணும் அதன் கீழேயே இருக்கட்டும். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

12. முடிக்கும்போது

ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் ஒரு பிரதி கல்வி அமைச்சுக்குப் போக வேண்டும். அனுமதிக் கடிதத்தின் அடியிலேயே இது எழுதியிருக்கும். ஊருக்குத் திரும்பியதும் மறந்துவிடுகிறார்கள் என்று என் மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார். அடுத்து வரும் நம் மாணவருக்கு அவர் ஏற்புக் கடிதம் தரத் தயங்குவதும் அதனால்தான்.

பள்ளிக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களுக்குத் தமிழில், கோப்புக்கு மலாயில். எந்த மாணவர், எந்த வகுப்பு என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுங்கள். ஒன்பது பேர் உள்ள வகுப்பில் 'ஒரு மாணவி' என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும்.

அனுமதிக் கடிதத்தின் காலாவதித் தேதி ஒன்று, பாஸின் தேதி இன்னொன்று. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே உங்கள் கடைசி நாள். நீட்டிப்பு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். வீட்டு முன்பணத்தைத் திரும்பப் பெறவும் இரண்டு மாத முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், ஆகவே இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் எழுதிவிடலாம்.